மௌனத்தின் சிறப்பு பற்றி ஐந்து நிமிடம்

காலை ஐந்தே முக்காலுக்கு அவன் எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தான். பால் காய ஆறு நிமிடம் ஆகும். ஆறு நிமிடமும் அங்கேயே நின்றான். பாலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நுரை பாத்திரத்தின் வாய் வரைக்கும் ஏறியதும் அடுப்பை அணைத்தான். பதினான்கு மாதங்களாக அந்த வீட்டில் ஒரு சொட்டுப் பால் பொங்கி வழிந்ததில்லை.

காபி இரண்டு டம்ளர். ஒன்று அவனுக்கு, ஒன்று அத்தைக்கு. அத்தை என்றால் மனைவியைப் பெற்றவள். மகளே போன பிறகு மாமியார் மருமகனோடு ஏன் இருக்கிறாள் என்ற கவலையில் தெருவில் சிலருக்குத் தூக்கமே வரவில்லை. ஒருத்தி நேரில் வந்தே கேட்டுவிட்டாள். "காலையில காபி கைக்கு வருது. சண்ட போட ஆளில்ல. நான் எதுக்குப் போகணும்?" என்று அத்தை அவளை அனுப்பிவைத்தாள்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"அப்பாடா. இன்னிக்கு உள்ள வார்த்தை வந்தாச்சு. இனி நாளைக்கு வெள்ளின்னு சொல்வீங்க."

அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஒரு காலத்தில் அவன் வாயைத் திறந்தால் மூட ஆள் வைக்க வேண்டும். கல்வி அலுவலகத்தில் எழுத்தர் வேலை; அங்கே நடப்பதைக் கேட்டால் யாருக்கும் நாலு கதை சொல்லத் தோன்றும். கேட்க ஆள் இருந்தது, சொன்னான். இப்போது ஆள் இல்லை. தண்ணீர் நின்றதும் குழாயை மூடிவிடுவதுதானே முறை.

அவன் மனைவி பேச்சுப் பயிற்சியாளர். அந்த வட்டாரத்தின் பதினொரு பள்ளிகளுக்கும் அவள் ஒருத்திதான். திக்கிப் பேசும் பிள்ளை, பேசவே பேசாத பிள்ளை, பேசினாலும் பெற்ற தாய்க்கு மட்டும் புரிகிற பிள்ளை என்று மொத்தம் அறுபத்திரண்டு பேர். ஸ்கூட்டரில் சுற்றுவாள். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலை, வீட்டுக்கும் அன்றைய முதல் பள்ளிக்கும் நடுவில் ஒரு லாரி வந்தது. அவ்வளவுதான்.

அலுவலகம் துடித்துப்போனது. துடிப்பு அடங்கியதும் விளம்பரம் கொடுத்தது. வெளியூரிலிருந்து, பட்டம் வாங்கிய பெரிய படிப்பாளிகளாக வந்தார்கள். முதலில் வந்தவர் பத்தொன்பது நாள் இருந்தார். இரண்டாமவர் பதினோரு நாள். மூன்றாமவர் பேருந்து நிலையத்தில் இறங்கி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அதே பேருந்து திரும்புமா என்று நடத்துனரிடம் விசாரித்திருக்கிறார். திரும்பும் என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். நான்காமவர் கெட்டிக்காரர். வரவே இல்லை.

கடைசியில் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. உள்ளூரிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்து ஒரு வருடம் படிக்க வைத்து, அதே பள்ளிகளுக்குத் திருப்பி அனுப்புவது என்று திட்டம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். வயது முப்பத்தைந்துக்குள். இடம் ஒன்று. இந்த எளிய விஷயத்தை நாற்பத்து மூன்று பக்க வழிகாட்டியாக அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அதை அவன் கோப்பில் சேர்த்தான். சேர்ப்பதற்கு முன் படித்தான். அந்த அலுவலகத்தில் அது யாரும் செய்யாத காரியம்.

அவன் மேலதிகாரிக்கு வழிகாட்டி எதற்கு? பேச்சுப் பயிற்சியாளர் என்றால் என்ன? பேச்சு. அப்படியானால் யார் தேவை? நன்றாகப் பேசுகிறவர். ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோன கேள்வி. அவரே உட்கார்ந்து மதிப்பெண் பட்டியல் தயாரித்தார். உச்சரிப்புக்கு நாற்பது, குரல் வளத்துக்கு முப்பது, மேடைத் துணிவுக்கு இருபது, தோற்றத்துக்குப் பத்து. ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு, மௌனத்தின் சிறப்பு.

"எப்படி தம்பி தலைப்பு?"

"நல்லாருக்கு சார்."

"ராத்திரி படுத்தா இதே யோசனை. காலையில பளிச்சுனு வந்துச்சு."

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. வாய் மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. இரங்கல் கூட்டத்தில் அவர்தான் கடைசியாகப் பேசினார். முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். இவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. உடனே கண்ணாடியைக் கழற்றினார். "அந்தச் சகோதரி கடைசி மூச்சில் என்ன சொன்னார் தெரியுமா? நம் பிள்ளைகளின் நாவுக்கு நம் மண்ணின் குரலே மருந்து என்றார்!" கூட்டம் விம்மியது. அவள் கடைசி மூச்சு விட்டபோது பக்கத்தில் இருந்தது ஒரு மைல்கல்லும் அந்த லாரியும். அதிகாரி அந்நேரம் நாற்காலி வாங்கும் கமிட்டியில் இருந்தார். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாக்கியம் நிலைத்துவிட்டது. அடுத்த மாதமே அலுவலகக் கடிதத்தாளின் அடியில் ஏறியது.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று மணியக்கா வந்தாள். ஒரு பள்ளியில் ஆயா. பெஞ்சு துடைப்பது, தண்ணீர் பிடிப்பது, மணி அடிப்பது அவள் வேலை. மணி அடிப்பதால் மணியக்கா. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி. அந்தப் பள்ளியில் பயிற்சிக்கென்று கொடுத்தது, உடைந்த பெஞ்சுகளை அடுக்கும் அறை. சாவி மணியக்காவிடம். திறந்துவிட வந்தவள் அப்படியே ஓரமாக உட்கார்ந்து, மூன்று வருடம் உட்கார்ந்துவிட்டாள்.

"ம்... மேடமோட நோட்டு சார்," என்று ஒரு நீல நோட்டை நீட்டினாள். அவளுக்குச் சில சொற்கள் தொடக்கத்தில் இலேசாகத் தடுக்கும். "இவ்வளவு நாள் நான் வெச்சிருந்தது தப்புதான். ப... பக்கம் தீந்துபோச்சு. அதான்."

அவன் புரட்டினான். மனைவியின் சாய்ந்த எழுத்து பாதி நோட்டில் முடிந்தது. அதற்கு மறுபக்கமே குண்டு குண்டான வேறு எழுத்து. செவ்வாய். எட்டுப் பேர். 'சின்னவள் குரங்கு என்று சொன்னாள். இரண்டு தடவை. நான் ஒன்றும் சொல்லவில்லை.' அடுத்த செவ்வாய். 'முடிவெட்டின பையன் இன்றைக்கும் பேசவில்லை. இருபது எண்ணினேன். பிறகு இன்னும் இருபது எண்ணினேன். சிரித்தான்.' அதற்கடுத்த செவ்வாய். பதினான்கு மாதச் செவ்வாய்க்கிழமைகள். பள்ளி விடுமுறை தவிர ஒன்று விடவில்லை.

"யார் செய்யச் சொன்னாங்க?"

"யாரும் இல்ல சார். பசங்க வந்து வாசல்ல நின்னுச்சுங்க. சா... சாவி என்கிட்ட இருந்துச்சு."

விண்ணப்பத்தைப் பார்த்தான். பன்னிரண்டாம் வகுப்பு, தேர்ச்சி. பிறந்த தேதிப்படி அடுத்த மாதம் இருபத்தோராம் தேதி முப்பத்தைந்து முடிகிறது. இந்த முறை விட்டால் அடுத்த முறை என்பது அவளுக்குக் கிடையாது. எட்டுப் பிள்ளைகளுக்கும் சாவியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

அவன் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டான்.

தேர்வுக்குப் பதினேழு பேர் வந்தார்கள். மௌனத்தின் சிறப்பைப் பற்றி ஆரம்பித்தவர்களில் ஒருவரையும் ஐந்து நிமிடத்தில் நிறுத்த முடியவில்லை. ஒருவர் மேசையை அடித்தார். ஒருவர் பாடினார். எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் மைக் தம்பி. கல்யாண வரவேற்புகளில் மேடையேறித் தொகுத்து வழங்குகிறவன். ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். மௌனத்தைப் பற்றி அவன் பேசியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதிகாரி கண்ணை மூடி ரசித்தார். தொண்ணூற்று நான்கு.

கடைசியில் மணியக்கா. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கொ... கொழந்த பேச நேரமாகும். அதுவரைக்கும் நாம சும்மா இருக்கணும். சும்மா இருக்கறது கஷ்டம்."

உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் பதினைந்து நொடி. தலைப்புக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது அன்றைக்கு அவள் ஒருத்திதான், அதற்குப் பதினொன்று. அதிலும் தோற்றத்துக்கு ஆறு. அதிகாரி தாராளமானவர்.

"பாவம், நல்ல பொம்பளை. ஆனா திக்குவாயைக் கொண்டுபோய்ப் பேச்சு சொல்லிக்கொடுக்க விட்டா ஊர் சிரிக்காதா தம்பி?"

அவன் பட்டியலைத் தட்டச்சு செய்தான். அதன் மேல் ஒரு தாளை வைத்தான். 'வழிகாட்டி பக்கம் முப்பத்தொன்று: தேர்வில் ஒவ்வொருவரும் ஒரு குழந்தையோடு பத்து நிமிடம் அமர்ந்து காட்டுவது கட்டாயம்.'

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, உங்க வேலை டைப் அடிக்கறது. படிக்கறது இல்ல."

"சரி சார்."

"இன்னொண்ணு. திட்டத்துக்கு உங்க வீட்டம்மா பேரு வைக்கறோம். பயிற்சி அறை வாசல்ல பெரிய போர்டு. பேரு, கீழ அவங்க கடைசியா சொன்ன வார்த்தை. குடும்பத்துல ஒரு கையெழுத்து வேணும். அமைச்சர் வர்றாரு. இங்க போடுங்க."

பதினான்கு மாதங்களாக நீட்டிய தாளிலெல்லாம் அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். காப்பீடு, ஓய்வூதியம், ஸ்கூட்டரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தது. எதையும் படித்ததில்லை. இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"நாளைக்குத் தர்றேன் சார்."

அதிகாரிக்கு நாற்காலி ஒரு அங்குலம் இறங்கியது போலிருந்தது.

அன்று மாலை அத்தை அந்தத் தாளை விளக்கருகே பிடித்து வாசித்தாள்.

"நம் மண்ணின் குரலே மருந்து. இது யாரு சொன்னது?"

"உங்க பொண்ணாம்."

"என் பொண்ணா? இவ்வளவு சுத்தமாத் தமிழ் பேசினாளா அவ? பத்தாவதுல தமிழ்ல அவ வாங்கின மார்க்க நான் தெருவுக்கே தெரியாம மறைச்சு வெச்சிருந்தேன்." தாளைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு மேடையில அந்தாளு இதச் சொன்னப்ப நீங்க முன்னாடிதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"வாயத் தொறக்கல."

"இல்ல."

"அந்த மணியடிக்கிற பொண்ணுக்குப் பதினோரு மார்க் போட்டப்பவும் பக்கத்துல இருந்தீங்கன்னு தெருவே சொல்லுது."

"பேப்பர் வெச்சேன் அத்தை."

"பேப்பர் வெச்சீங்களா! அடேங்கப்பா!" அத்தை எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது. "மாப்பிள்ளை, நீங்க பேசாம இருக்கறது துக்கம்னு நெனச்சு நானும் இத்தனை நாளா வாயக் கட்டிட்டு இருந்தேன். சோம்பேறித்தனம்னு தெரிஞ்சிருந்தா அப்பவே நாலு கேள்வி கேட்டிருப்பேன்."

மறுநாள் அவன் அதிகாரியின் அறைக்குப் போனான். கதவைத் தட்டினான். அதுவும் புதிது.

"சார், ஒரு குழந்தையை வெச்சுத் தேர்வு நடத்துங்க. பதினேழு பேரையும் கூப்பிட நேரமில்லைன்னா, பட்டியல்ல முதல் ஆளையும் கடைசி ஆளையும் கூப்பிடுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"தம்பி, இது மிரட்டலா இருக்கே?"

"பக்கம் முப்பத்தொன்று சார்."

"முதல் ஆள் சரி. கடைசி ஆள் எதுக்கு?"

அவன் நீல நோட்டை மேசைமேல் வைத்தான். அதிகாரி சாதாரணமாகத்தான் புரட்ட ஆரம்பித்தார். நாலைந்து பக்கம் ஆனது. பத்துப் பக்கம் ஆனது. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை கூப்பிடுங்க," என்றார்.

குழந்தை வேறொரு பள்ளியிலிருந்து வந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி. இரட்டைச் சடை, ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. வீட்டுக்கு வெளியே அவள் பேசி யாரும் கேட்டதில்லை என்று அவள் வகுப்பாசிரியை எழுதிக் கொடுத்திருந்தார். சிறுமியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் தம்பி வந்தான். "வணக்கம் வணக்கம் வணக்கம்! யாரிது, குட்டி தேவதையா? பேரென்ன? சொல்ல மாட்டீங்களா? வெக்கமா? அட, வெக்கம்! ஐஸ்கிரீம் பிடிக்குமா? பிடிக்கும்! எனக்கும் பிடிக்கும்! எந்தக் கலர்? பிங்க்கா? பிங்க்தான!" கேள்வியும் அவனே, பதிலும் அவனே. நாலு நிமிடத்தில் நாற்காலியின் மீது அந்தப் பிள்ளை பாதியாகக் குறுகிவிட்டது. ஐந்தாவது நிமிடம் மைக் தம்பியின் நெற்றியில் வியர்வை. ஆறாவது நிமிடம் அவன் நின்றுவிட்டான்.

"சார்," என்றான் மெல்ல. மெல்லப் பேசவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "நான் பேசப் பேச இந்தப் பாப்பா உள்ள போயிட்டே இருக்கு. எனக்கு இது ஆகாது சார்."

மணியக்கா வந்தாள். சிறுமிக்கு எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். ஒவ்வொரு சாவியாகத் தள்ளினாள். துருப்பிடித்த ஒன்றில் விரல் நின்றது.

"இ... இது எதோடதுன்னு மறந்துபோச்சு."

பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

மின்விசிறி கிறீச்சிட்டது. ஐந்து. ஆறு. அதிகாரி காலை மாற்றிப் போட்டார். ஒன்பது. பேனாவை மூடினார், திறந்தார். பன்னிரண்டு. தாங்கவில்லை. மனிதர் மூச்சை இழுத்தார், உதடு பிரிந்தது, "பாப்பா..."

அவன் அதிகாரியின் முழங்கையைப் பிடித்தான்.

"சார். பேசாதீங்க."

அந்த அறையில் ஓர் எழுத்தர் ஓர் அதிகாரியிடம் அப்படிச் சொன்னதாகக் கோப்பு எதிலும் இல்லை. அதிகாரி அதிர்ச்சியில் பேச்சிழந்தார். அதுதான் வேண்டியிருந்தது.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது. மணியக்கா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது அவனுக்குத் தெரிந்தது. அவள் கட்டைவிரல் மற்ற விரல்களை மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனது. அவன் மனைவியும் அப்படித்தான் எண்ணுவாள்.

சிறுமியின் கை மேசைக்கு வந்தது. துருப்பிடித்த சாவியைத் தொட்டது.

"பீ... பீரோ," என்றாள்.

"ஆமா, பீரோ," என்றாள் மணியக்கா. சபாஷ் சொல்லவில்லை. கைதட்டவில்லை. அடுத்த சாவியைத் தள்ளினாள். மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி மதிப்பெண் தாளைப் பார்த்தார். உச்சரிப்பு, குரல் வளம், மேடைத் துணிவு, தோற்றம். குழந்தை பேசியதை எழுத அதில் கட்டம் இல்லை. அவன் தாளை வாங்கி, அளவுகோல் வைத்து, ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதிகாரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிரப்பினார்.

மற்றதெல்லாம் சுமுகமாக முடிந்தது. மணியக்காவுக்கு ஆணை போனது, அவள் பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால். திட்டத் தொடக்க விழாவைத் தொகுத்து வழங்கும் பொறுப்பு மைக் தம்பிக்கு. அவனுக்கு அதில்தான் கொள்ளை சந்தோஷம். உள்ளூரில் ஆள் எடுப்பது தன் நெடுநாள் கனவு என்று அதிகாரி மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். அதில் இருவர் நம்பினார்கள்.

மிச்சம் இருந்தது போர்டு. பயிற்சி அறை வாசலில் பெயின்டர் ஏணிமேல் உட்கார்ந்திருந்தார். பெயர் எழுதி முடித்திருந்தார். அதன் கீழே அடிக்கோடு போட்டு இடம் விட்டிருந்தார். அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். பெயருக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டான். கீழே இருந்த வாக்கியத்தைக் குறுக்காக அடித்தான்.

"தம்பி! கடிதத்தாள்லயே அச்சாயிடுச்சே!"

"அவ அதச் சொல்லல சார்."

அதிகாரியின் முகம் ஒரு சுற்று சிவந்து அடங்கியது. ஏணியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"சரி. அப்ப என்னதான் சொன்னாங்க?"

அவன் பேனாவை மூடிப் பையில் செருகினான். அதிகாரி வாயைத் திறந்தார். திறந்த வாயை, ஆச்சரியம்தான், மூடிக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெயின்டர் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தார். உள்ளே யாரோ பெஞ்சு நகர்த்தும் சத்தம் வந்து நின்றது. அதிகாரி எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைவது தெரிந்தது. இருபதைத் தாண்டிவிட்டார்.

"அன்னிக்குக் காலையில," என்றான் அவன். "பால் அடுப்புல இருந்துச்சு. நான் சமையக்கட்டு வாசல்ல சாஞ்சுக்கிட்டு நாற்காலி கமிட்டி கதைய சொல்லிட்டு இருந்தேன். முன்னாடியும் சொன்ன கதைதான். அவ ஒரு கால்ல செருப்பு மாட்டிக்கிட்டா. ஸ்கூட்டர் சாவி வாயில இருந்துச்சு. அத எடுத்துட்டு, சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"'பேசிட்டே நிக்காதப்பா. பால் பொங்குது, பாரு.'"